ஈசிஇ படிக்கும் மகள் ‘வயர்லெஸ்’ பக்கம் போகலாமா?

உங்கள் மகள் ஈசிஇ இரண்டாம் ஆண்டு. வயர்லெஸ் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். “கடைசியில் எல்லாரும் ஐ.டி.க்குத்தான் போறாங்க” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு உங்களுக்குக் கலக்கம். அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. ‘வயர்லெஸ்’ என்று பொத்தாம்பொதுவாகப் படித்துவிட்டு வந்தால் எந்த வேலைக்கும் பொருந்தாமல் நிற்க வேண்டிவரும். ஆனால் அந்தத் துறைக்குள் குறிப்பான ஒரு வேலை இருக்கிறது: வைஃபை, புளூடூத், ஜிக்பி (ஸ்மார்ட் பல்பு, சென்சார் போன்றவை பேசிக்கொள்ளும் குறைந்த ஆற்றல் ரேடியோ), 4ஜி எல்லாம் ஒன்றையொன்று கெடுக்காமல் அக்கம்பக்கமாக ஓடச் செய்வது. வேலை விளம்பரங்களில் ‘கோஎக்ஸிஸ்டன்ஸ்’ என்று தேடச் சொல்லுங்கள். இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது, தேவையும் இல்லை.

இந்த வேலை ஏன் தீராது என்பதைப் பாருங்கள். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றைக்கு உரிமம் வேண்டாம். அதனால் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். வைஃபை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே இடத்தில் பிடித்துக்கொள்கிறது. பழைய வகைப் புளூடூத் 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை தாவுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, கெட்டுப்போன சேனல்களை ஒதுக்கிவிட்டுத் தாவக் கற்றிருக்கிறது. இதற்கு ஒட்டிக் கீழே, 2300–2400 மெகாஹெர்ட்ஸில், இந்தியாவில் 4ஜி ஓடுகிறது. போனுக்குள் 4ஜி ஆன்டெனாவும் வைஃபை ஆன்டெனாவும் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஃபில்டர் ஓரளவு காப்பாற்றும். மீதியைச் சிப்புகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் இடையே பெரும்பாலும் மூன்று கம்பிகள்: அனுமதி கேட்பது, அவசரம் எவ்வளவு என்று சொல்வது, அனுமதி கொடுப்பது. ஹெட்செட்டில் ஓடும் பேச்சு முக்கியமா, இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பு முக்கியமா? அதைத் தீர்மானிக்கும் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஒருவர் எழுதியாக வேண்டும், இன்னொருவர் சோதித்தாக வேண்டும்.

ஆகவே அவள் விடக்கூடாத பாடங்கள்: சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், டிஜிட்டல் கம்யூனிகேஷன், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், சி மொழி. எல்லாவற்றுக்கும் மேலாகப் ப்ராபபிலிட்டி அண்ட் ராண்டம் ப்ராசஸஸ். பலரும் மனப்பாடம் செய்து தாண்டும் தாள் அது. இந்தத் துறையில் தினமும் வேலைக்கு வருவது அதுதான்.

பாடத்தைவிடப் பெரியது, அவளே அளந்து முடித்த ஒரு ப்ராஜெக்ட்: வைஃபை சுமை ஏறும்போது ஜிக்பி எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ப்ளூடூத் லோ எனர்ஜி, 802.15.4 (ஜிக்பியின் அடிப்படை ரேடியோ) மூன்றும் உள்ள ஈஎஸ்பி32-சி6 போர்டு இரண்டு, வீட்டு ரவுட்டர், இரண்டு லேப்டாப், வைஃபையில் வேண்டிய அளவு தரவை ஓடவிடும் ஐபெர்ஃப்3 மென்பொருள் போதும். ரவுட்டரில் ‘ஆட்டோ’வை அணைத்து, சேனல் 6, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நடுவில் ரவுட்டர் சேனல் மாறி, மொத்த அளவீடும் வீணாகும். போர்டுகளின் அனுப்பு ஆற்றல் 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். முதலில் ஜிக்பி சேனல் 18 (2440 மெகாஹெர்ட்ஸ், வைஃபை பிடித்திருக்கும் இடத்துக்குள்), பிறகு சேனல் 25 (2475). ஒவ்வொன்றிலும் 1000 பாக்கெட் (தரவுத் துண்டு), 50 மில்லிவிநாடி இடைவெளி. வைஃபை சுமை நொடிக்குப் பூஜ்யம், 5, 20 மெகாபிட். சேனல் 26 ஆசை காட்டும்; அலைக்கற்றையின் விளிம்பில் இருப்பதால் பல கருவிகள் அங்கே ஆற்றலைக் குறைத்துவிடும், ஒப்பீடு கெடும்.

போர்டில் வைஃபை அணைந்திருக்க வேண்டும். அந்தச் சிப்பில் ரேடியோ ஒன்றே; அதைப் பங்கு போடுவதால் வரும் இழப்பைக் காற்றில் நடந்த மோதல் என்று தவறாக எழுதிவிடுவாள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கையும் தள்ளி வைக்கட்டும், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ரேடியோ அலைகளைக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் மலிவு என்று வாங்க வேண்டாம், சுமார் 1.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குக் கேட்காது.

எத்தனை பாக்கெட் தொலைந்தது என்பதோடு நிறுத்தினால் அது வெறும் பட்டியல். சேனல் காலியாகக் கிடைக்காமல் கைவிட்டவை எத்தனை, அனுப்பியும் பதில் வராதவை எத்தனை என்று பிரிக்க வேண்டும். காரணம் நேரக்கணக்கில் இருக்கிறது. ஜிக்பியின் காத்திருப்பு அலகு 320 மைக்ரோவிநாடி, வைஃபையினுடையது 9. சேனல் காலி என்று பார்த்தபின் ஜிக்பி அனுப்புநிலைக்கு மாற 192 மைக்ரோவிநாடி வரை ஆகும். வைஃபைக்கோ 28 மைக்ரோவிநாடி அமைதியும் கொஞ்சம் தற்செயல் காத்திருப்பும் போதும், நடுவில் புகுந்துவிடும். போதாக்குறைக்கு, 1 மில்லிவாட் குரல் தூரத்து ரவுட்டருக்குக் கேட்காமலும் போகலாம். இந்த நான்கு நேர எண்களை வைத்துத் தன் அளவீட்டு வரைபடத்தை நேர்முகத் தேர்வில் விளக்கத் தெரிந்தவளை யாரும் எளிதில் அனுப்பிவிட மாட்டார்கள்.

வேலை எங்கே? சிப் நிறுவனங்கள் முதலிடம். குவால்காம் 2024-இல் சென்னையில் திறந்த வடிவமைப்பு மையமே வயர்லெஸ் இணைப்புக்கானது. ரவுட்டர், கார், மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களுக்கும் சோதனையாளர்கள் தேவை. முதல் வேலை ‘டெஸ்ட் இன்ஜினியர்’ என்று வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், இந்தத் துறைக்கு வாசல் அதுதான். அரசுப் பணி விருப்பமானால் யுபிஎஸ்சி இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வில், எலக்ட்ரானிக்ஸ்-டெலிகம்யூனிகேஷன் பிரிவு வழியாக இந்திய ரேடியோ ஒழுங்குமுறைப் பணி இருக்கிறது. இடங்கள் சொற்பம், அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அளவீட்டுக் கருவி ஒன்றுகூட இல்லாத ‘5ஜி சான்றிதழ்’ வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதைவிட அந்த இரண்டு போர்டு மேல்.

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் பருவத்துக்கு முன்பே இந்த ப்ராஜெக்டை முடிக்கச் சொல்லுங்கள். ஒரே அளவீட்டை இருபது தடவை திரும்ப எடுப்பது அவளுக்குச் சலித்தால் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல்) பாடங்களை எடுக்கட்டும். போர்டில் எழுதிய சி நிரல் அங்கேயும் கணக்கில் சேரும்.