வெடேலியா படர்கிறது, பூக்கவில்லையா?
தரையில் படரும் மஞ்சள் பூக்கொடியான வெடேலியா உங்கள் மாமரத்தடியில் பூக்கவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் போதாததால் இல்லை, வெயில் போதாததால்தான் பூக்கவில்லை. மாமரத்தடியில் வெடேலியா பச்சைப்பசேலென்று படர்ந்துகொண்டே போகும், மஞ்சள் பூ மட்டும் கண்ணில் படாது. யூரியா போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் நிறுத்துங்கள், இலைதான் கொழுக்கும்.

வேர்விட்ட கணுவோடு ஒரு கொடியை வெட்டி, நல்ல வெயில் படும் தொட்டியில் நட்டுப் பாருங்கள். அது மட்டும் பூத்தால் நிழல்தான் காரணம், மரக்கிளையைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள்.

அப்புறம், வெட்டிய கொடியைத் தயவுசெய்து வாய்க்கால் பக்கம் கொட்டாதீர்கள். ஒரு கணு ஈர மண்ணைத் தொட்டாலே வேர் பிடித்துவிடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. சிமெண்ட் தரையில் சருகாகக் காயவிட்டு அப்புறம் உரக்குழியில் போடுங்கள்.