மூடிப்போன பழைய பள்ளிக்கூடத்தை இடிக்காமல், பல வேலைக்கும் ஆகிற சமுதாயக் கூடமாக மாற்ற முடியுமா?

முடியும். உங்கள் ஊரிலும் யாரோ “இடிச்சுத் தள்ளிட்டு கான்கிரீட் போட்டுடலாம்” என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குமரி மாவட்டத்தில் தக்கலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் இதைச் செய்திருக்கிறோம். நான் இன்ஜினியர் இல்லை. ஊர்ப் படிப்பகக் கமிட்டியில் இருப்பதால் வேலை முழுவதும் கூடவே நின்றவன்.

எங்கள் பள்ளிக்கூடம் திருவிதாங்கூர் காலத்தது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்வதற்கு முன்பே என் தாத்தா அங்கே படித்திருக்கிறார். வெட்டுக்கல் (செம்பாறையில் வெட்டி எடுக்கிற கல்) சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை, மர அழி (கம்பிக்குப் பதில் மரச் சட்டம்) வைத்த ஜன்னல். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. ஒரே நீளக் கூடம், தட்டி வைத்து வகுப்பு பிரிப்பார்கள். ஆண்டு விழா என்றால் தட்டிகளை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள், மண்டபம் தயார். நீங்கள் கேட்கிற வசதியை அன்றைக்கே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய பெருமை உண்டு. அதனால் கமிட்டியில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றோம்: உள்ளே புதிதாக ஒரு சுவர்கூட எழுப்பக் கூடாது.

கூரையைப் பார்க்க வயதான ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தோம். ஏணியில் ஏறி, உளியின் பின்பக்கத்தால் உத்திரத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். சுவரில் பதிந்திருக்கிற முனைகளில் மட்டும் காதை வைத்துக் கேட்டார். “மக்களே, இது அயனியாக்கும். கறையான் கழுக்கோல்லதான் ஏறியிருக்கு, உத்திரத்த தொடல்ல” என்றார். அயனி எங்கள் பக்கத்து உறுதியான மரம். கழுக்கோல் என்பது கூரையில் சாய்வாகப் போடுகிற மரச் சட்டம். கெட்டுப்போன கழுக்கோல்களையும், அதன் குறுக்கே ஓடு உட்கார அடிக்கிற பட்டியல் சட்டங்களையும் மாற்றினோம். நல்ல ஓடுகளைக் கழுவித் திரும்ப வேய்ந்தோம். ஒரு பக்கச் சுவரில் முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த இடத்தில்தான் கல் ஊறிப்போய்க் கிடந்தது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் இருக்கிற ஊரில், சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். கொத்தனார் எவ்வளவு சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தட்டிகளைப் புதிதாக, சக்கரம் வைத்துச் செய்தோம். ஆனால் தட்டியைவிட முக்கியம் சாமான் அறை. தையல் மெஷின், நாற்காலி, கேரம் போர்டு எல்லாம் போய் ஒதுங்க இடம் இல்லையென்றால் கூடம் ஒரே மாதத்தில் குடோன் ஆகிவிடும். பழைய தலைமையாசிரியர் அறையை அதற்கே கொடுத்தோம். வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து, பிளக் பாயிண்டைச் சுவர் சுற்றிலும் வைத்தோம். கழிப்பறையைத் தனியாக வெளியே கட்டினோம். படியோரம் சாய்தளம் போட்டோம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட்டால்தான் சக்கர நாற்காலி ஏறும். தட்டி சத்தத்தைத் தடுக்காது, அது உண்மை. அதனால் டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை நேரம், தையலுக்குக் காலை என்று பிரித்தோம். கண் சிகிச்சை முகாம், நிச்சயதார்த்தம், பதினாறு அடியந்திரம் (இறந்த பதினாறாம் நாள் காரியம்) எல்லாம் இப்போது அங்கேதான் நடக்கிறது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்ததைச் சொல்லி யாராவது கீழே எழுதுவீர்கள். எனக்கும் அது ஆறவில்லை. பழசு எல்லாவற்றையும் கட்டிக் காக்கச் சொல்லவில்லை. சுவர் சாய்ந்திருந்தாலோ அடித்தளம் இறங்கியிருந்தாலோ இடிக்கத்தான் வேண்டும். அதை இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும். நாலு ஓடு ஒழுகுவதைக் காட்டி முழுக் கட்டடத்துக்கும் நாள் குறிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒக்கிப் புயலில் எங்கள் கூரையில் ஓடுகள்தான் பறந்தன, உத்திரம் அசையவில்லை.

எங்கள் கூடத்துச் சுவரில் இப்போது ரோட்டுப் பக்கம் மட்டும் கீறல் விழுகிறது. காரணம் ராத்திரி பகலாக கேரளாவுக்குப் பாறையும் ஜல்லியும் ஏற்றிப் போகிற பெரிய டாரஸ் லாரிகள். எங்கள் மலையையும் கொண்டுபோய், ரோட்டையும் குழியாக்கி, பள்ளி விடுகிற நேரத்தில் பிள்ளைகள் மேல் ஏறுவது போல வருகிறார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் பள்ளிக்கூடமும் மெயின் ரோட்டில் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம், பட்டா யார் பெயரில் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஓடு இறக்குவதாக இருந்தால் மாசி, பங்குனியில் இறக்கி, இடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்கில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை) முன்னால் வேய்ந்து முடித்துவிடுங்கள். ஆசாரிக்கு இப்போதே சொல்லி வையுங்கள், ஓட்டு வேலை தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.