போகிற நாடு எது என்று முதலில் சொல்லுங்கள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. போன் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். முன்பெல்லாம் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை ஊரில் விரல் விட்டு எண்ணலாம். இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து, "வெளிநாடு போறோம், அன்லாக் போன் ஒண்ணு காட்டுங்க" என்கிறார்கள். எந்த நாடு என்று நான் கேட்டால், அதற்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்பது போல ஒரு பார்வை. சம்பந்தம் நிறையவே இருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரரும் அமெரிக்கா போகிறோம். ஆறு மாதம் இருப்போம். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல அன்லாக் போன் சொல்லுங்கள். (மேல் குன்னூர் வாசகி)

அம்மா, முதலில் ஒரு நிம்மதியான செய்தி. நம் ஊர்க் கடையில் வாங்கும் ஸ்மார்ட்போன் பெரும்பாலும் அன்லாக் போன்தான். எந்த கம்பெனி சிம்மும் ஏற்கும். அதற்காகத் தனியாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். "இது இன்டர்நேஷனல் அன்லாக், ஆயிரம் ரூபாய் கூடும்" என்று எவராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

சிக்கல் பூட்டில் இல்லை, அலைவரிசையில் இருக்கிறது. ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 என்ற பேண்டுகளில். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 என்று வேறு கணக்கு. இந்தியாவுக்கென்று செய்யும் மலிவு போன்களில் செலவைக் குறைக்க அந்த ஊர் பேண்டுகளில் பலவற்றை விட்டுவிடுவார்கள். அதிலும் 12, 13, 71 மூன்றும் தாழ்ந்த அலைவரிசைகள். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவதும், டவரிலிருந்து வெகுதூரம் எட்டுவதும் அவைதான். அவை இல்லாத போன் கடைத்தெருவில் கோடு கோடாகச் சிக்னல் காட்டும், மகள் வீட்டு உள்ளறையில் செத்துக் கிடக்கும்.

அடுத்த தடை வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே குரல் போவது. வோல்டி இல்லாத போன் குரலுக்கு 3ஜியைத்தான் நம்பியிருந்தது. அமெரிக்க நிறுவனமான ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் அந்த 3ஜியை மூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் மூடிவிட்டன. ஏடி அண்ட் டி தானே ஒப்புதல் கொடுத்த மாடல்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதில் இல்லாத போனை, பேண்டு சரியாக இருந்தாலும், சேர்ப்பதில்லை. அங்குள்ள இன்னொரு பெரிய நிறுவனமான டி-மொபைல் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்.

என்னைக் கேட்டால் புதிய போனே வேண்டாம். கையிலிருக்கும் போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண் வரும். அதை மகளிடம் கொடுங்கள். அங்குள்ள நிறுவனங்களின் இணையதளத்தில் போட்டால், அந்தப் போன் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடுமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓடாது என்று வந்தால், வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப்புக்கு இந்தப் போன், வெளியே போக அங்கே வாங்கும் ஒரு மலிவு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே வாங்கும்போதுதான் "அன்லாக்டு" என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். தவணையிலோ ப்ரீபெய்டு சலுகையிலோ கொடுக்கும் போன்களை அவர்கள் தங்கள் சிம்மோடு பூட்டி வைப்பது வழக்கம். ஊருக்குத் திரும்பியதும் அந்தப் போன் வெறும் அலாரம் கடிகாரம்தான்.

இல்லை, இங்கேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பேட்டரி நன்றாக இருக்கும் பழைய ஐபோன் 13 ஒன்றைத் தேடுங்கள். உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். ஆனால் அதன் இந்திய மாடலிலேயே அமெரிக்காவின் முக்கியமான பேண்டுகள் பெரும்பாலும் இருக்கின்றன. பதினைந்தாயிரம் ரூபாய்ப் புதுப் போனில் அவ்வளவு கிடைக்காது.

மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு ஐபோன் கொண்டுவந்து கொடுத்தார். சிம் போட ஓட்டையே இல்லை. டூப்ளிகேட்டா? (கோத்தகிரி)

மச்சான்மேல் சந்தேகப்படாதீர்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பதில் சிம் தட்டு கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன, மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று உள்ளே போனால் "கேரியர் லாக்" என்று ஒரு வரி. "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் கவலை இல்லை. வேறு ஏதாவது இருந்தால், அந்தப் போனை விற்ற அமெரிக்க நிறுவனம்தான் திறந்துவிட முடியும். தவணை பாக்கி இருந்தால் மச்சான் கட்டி முடிக்க வேண்டும். அங்கே கிளம்புவதற்கு முன் செய்திருந்தால் ஒரு போன் காலில் முடிந்திருக்கும்.

திறந்து தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். கடை தொடங்கிய புதிதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஒருவர் பூட்டிய போனைக் கொண்டுவந்தார். நான் அதை வேறு ஊரில் இருந்த ஒரு "எக்ஸ்பர்ட்"டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது சிம் எடுத்தது, ஆனால் *#06# அடித்தால் ஐஎம்இஐ இடத்தில் வரிசையாகப் பூஜ்யம். ஒரு வாரத்தில் சிக்னலும் போனது. போனுக்கான பணத்தை நான்தான் கைக்காசைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது அது பண விஷயம் மட்டும் இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி இப்படி அடையாள எண்ணை மாற்றுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்பா சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்தவர். ஹட்டன் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தைப் பார்க்க இந்த வருடம் அழைத்துப் போகிறேன். இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டுமா? (கூடலூர்)

வேண்டாம் தம்பி. அந்தக் காசை அப்பாவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டருக்கு வையுங்கள். ஹட்டன் இருக்கும் நுவரெலியாப் பக்கக் குளிர் ஊட்டிக் குளிருக்குச் சளைத்ததில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் எத்தனையோ. அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இப்போது லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைத் தேடிப் போகிறார்கள். போய் வந்த பிறகு என் கடைக்கு வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான்: மெமரி நிரம்பிவிட்டது, அப்பா பேசிய வீடியோ பாதியில் நின்றுவிட்டது. அதனால் கிளம்புமுன் போனைக் காலி செய்யுங்கள். பழைய போன் என்றால் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று போடுங்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் இலங்கை நமக்கு எளிது. அங்கும் 1800 மெகாஹெர்ட்ஸ், நம் பாஷையில் பேண்டு 3, முக்கியமான 4ஜி அலைவரிசை. நம் ஊர் 4ஜி போன் எதிலும் அது இருக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே டயலாக், மொபிடெல் கவுன்டர்களில் சுற்றுலாப் பயணிகள் சிம் கிடைக்கும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். மலைச் சரிவில் சிக்னல் வந்து போவது உங்களுக்குப் புதிதா என்ன? நாடுகாணியில் நின்று பேசிப் பழகியவருக்கு ஹட்டன் ஒன்றும் பெரிதில்லை. மேப்பை மட்டும் கொழும்பிலேயே வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒரே தோட்டத்தில் பல டிவிஷன் இருக்கும், அதற்கு மேப் உதவாது.

2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் நம் யுபிஐ ஏற்கும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் யுபிஐ செயலி உங்கள் இந்திய சிம்மோடு கட்டப்பட்டது. அதைக் கழற்றிப் பர்ஸில் வைத்தால் செயலி முரண்டு பிடிக்கும். இந்திய சிம்மையும் இலங்கை சிம்மையும் சேர்த்துப் போட இடம் இருக்கும் போனாக எடுத்துப் போங்கள். இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பங்கு போடும் போன்கள் நிறைய. உங்களுடையது அப்படி என்றால் கார்டை விட்டுவிட்டு, படங்களை இங்கேயே கம்ப்யூட்டரில் ஏற்றிப் போனைக் காலியாக்குங்கள்.

அம்மாவுக்குப் பட்டன் போன்தான் பழக்கம். சிங்கப்பூரில் அதை வைத்துச் சமாளிக்கலாமா? (ஊட்டி)

பழைய 2ஜி பட்டன் போன் என்றால் முடியாது. சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டது, 2024இல் 3ஜிக்கும் முடிவு கட்டிவிட்டார்கள். 4ஜி பட்டன் போன்கள் கிடைக்கின்றன, வோல்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஜியோபோன் வேண்டாம். அது ஜியோ சிம்மோடு பூட்டியது. நம் ஊரில் பூட்டுப் போனே இல்லை என்று மேலே முழுசாகச் சொல்லாமல் "பெரும்பாலும்" என்று போட்டது இதற்காகத்தான்.

வெளிநாட்டு சிம் போட்டால் பேங்க் ஓடிபி எப்படி வரும்? நான் இ-சிம்முக்கு மாறிவிடலாமா? (வெலிங்டன்)

இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். கிளம்புமுன் இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கச் சொல்லிவிடுங்கள். இங்கிருக்கும்போதே ரீசார்ஜும் செய்துவிடுங்கள், வேலிடிட்டி முடிந்தால் ஓடிபியும் நின்றுபோகும். அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அதுதான் முக்கியம். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை. வரும் அழைப்பை எடுத்தால் காசு, ரோமிங் பேக் இல்லாவிட்டால் கொஞ்சநஞ்சமாகப் போகாது. ஊரில் எல்லாரிடமும் "வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அப்படியும் கேஸ் புக்கிங் மெசேஜ் வந்ததா என்று கேட்கப் பெரியம்மா நேராகத்தான் கூப்பிடுவார்.

இ-சிம் பற்றி: *#06# அடிக்கும்போது ஐஎம்இஐயோடு "ஈஐடி" என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் உண்டு. வராவிட்டால் இல்லை, விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. மலிவு போன்களில் பெரும்பாலும் வராது. இருந்தால் வெளிநாட்டு எண்ணை இ-சிம்மாகப் போடுங்கள், இந்திய எண் பிளாஸ்டிக் சிம்மாகவே இருக்கட்டும். சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே போன் விழுந்து உடைந்தால், பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அடுத்த நிமிடம் ஓடிபி வாங்கலாம். இ-சிம் என்றால் அதைப் புதுப் போனுக்கு மாற்றவே அதே எண்ணுக்கு ஓடிபி வரும். வேடிக்கைதான், ஆனால் மாட்டிக்கொண்டவருக்கு இல்லை.

மெல்பர்னில் படிக்கப் போகிறேன். இங்கேயே இருபதாயிரத்துக்குப் போன் வாங்கிவிடவா? (கேத்தி)

ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். 2024 அக்டோபர் கடைசியில் அங்கே கடைசி 3ஜியும் மூடப்பட்டது. அவசர எண் 000ஐ 4ஜி வழியாக அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. இன்டர்நெட் நன்றாக ஓடும் போனுக்கும் இந்தத் தடை விழலாம். இருக்கும் போனோடு போங்கள், அங்கே வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவு போன் தொங்கும். ஒரு நிறுவனத்தின் பெயர் போட்ட ப்ரீபெய்டு போன் என்றால் பூட்டு இருக்கும், விலை ஏன் அவ்வளவு குறைவு என்று அப்போது புரியும்.

இருபதாயிரத்தை வைத்திருங்கள். முதல் மாத வாடகைக்கு முன்பணம் கேட்பார்கள்.

துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. போன் அங்கே மலிவாமே? (பந்தலூர்)

சில மாடல்கள் மலிவு. சாம்சங் வாங்கினால் பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். அந்தப் பகுதி சிம்மைப் போட்டு ஐந்து நிமிடமாவது பேசிய பிறகுதான் மற்ற நாட்டு சிம்மை ஏற்கும் என்று சிலவற்றில் இருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் தங்கைக்குப் பரிசாக அனுப்பினால் இங்கே வந்து சிம் எடுக்காது, அப்புறம் என்னிடம் வருவார்கள். ஒரு உள்ளூர் அழைப்பு பேசிவிட்டு அனுப்புங்கள். அங்கே வாட்ஸ்அப் கால் ஓடாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் முதல் ராத்திரி யாரும் பயப்பட மாட்டார்கள்.

பழைய போன் வாங்கி எடுத்துப் போகலாமா? திருட்டு போனாக இருந்தால்? (அருவங்காடு)

வாங்கலாம், நானே விற்கிறேன். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது என்ன மாடல், தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். நான் விற்கும் போனுக்கும் இதைச் செய்யுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது கொண்டுபோகலாம்? (குன்னூர்)

100 வாட்-ஹவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். 20,000 போதும். கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. சென்ற மாதம் ஒருவர் பெட்டியின் அடியில், ஊட்டி வர்க்கிப் பாக்கெட்டுக்குள் சுற்றி வைத்து அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூரில் பெட்டியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். வர்க்கியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களாம், தூளாக.