கொட்டாவி: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் கொட்டாவி வரும் என்று பள்ளியில் படித்தோம். சரிதானே, டாக்டர்?

பதில்: இல்லை. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987-இல் மாணவர்களுக்குத் தூய ஆக்சிஜனையும், கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் கலந்த காற்றையும் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சின் வேகம் மாறியது, கொட்டாவி மாறவில்லை. கருவில் இருக்கும் சிசுகூடக் கொட்டாவி விடுகிறது. அதன் நுரையீரலில் காற்றே கிடையாது!

கேள்வி: பிறகு எதற்குத்தான் வருகிறது?

பதில்: சூடேறும் மூளையைத் தணிக்க என்கிறார் ஆண்ட்ரூ கேலப் என்ற ஆய்வாளர். நெற்றியில் குளிர்ந்த ஒத்தடம் வைத்தவர்களுக்குக் கொட்டாவி குறைந்ததை அவரது ஆய்வு காட்டியது. மறுப்பவர்களும் உண்டு. விழிப்பு நிலை மாறும் வேளைகளில் வருகிறது என்பதில் மட்டும் தகராறு இல்லை.

கேள்வி: எதிரே இருப்பவர் விட்டால் எனக்கும் வருகிறதே? இதை எழுதும்போதே வந்துவிட்டது.

பதில்: எனக்கும்தான். பார்க்கவே வேண்டாம், சத்தம் கேட்டாலோ, நினைத்தாலோ போதும். ஆனால் நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது அரிதாகவே தொற்றுகிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியரைவிட நண்பரிடமிருந்தும், நண்பரைவிடக் குடும்பத்தாரிடமிருந்தும் அதிகம் தொற்றியது. பிறர் நிலையை உணரும் மனமே காரணம் என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. வேண்டியவர் முகத்தைத்தானே நாம் கூடுதலாகக் கவனிக்கிறோம்?

ஆமைகளிடமும் சோதித்தார்கள். ஓர் ஆமையை வாய் பிளக்கப் பழக்கி மற்றவற்றின் முன் நிறுத்தினார்கள், ஒன்றும் அசையவில்லை. அந்த ஆய்வுக்கு 2011-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசு கிடைத்தது. பொறுமைக்காகவாவது கொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் நாய்க்கும் தொற்றுகிறதா?

பதில்: தொற்றலாம். 2008-இல் லண்டனில் சோதித்த 29 நாய்களில் 21 பதிலுக்குக் கொட்டாவி விட்டன.

கேள்வி: பாட்டி கொட்டாவி விடும்போது வாய்க்கு நேரே சொடுக்குப் போடுவார். பயன் உண்டா?

பதில்: கொட்டாவி நிற்காது. போடட்டும், கெடுதல் இல்லை. வாயை மட்டும் அளவுக்கு மீறித் திறக்க வேண்டாம். சிலருக்குத் தாடை மூட்டு நழுவிவிடும்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். நாள் முழுக்கக் கொட்டாவி.

பதில்: பெரும்பாலும் தூக்கக் கடன், அதாவது பல நாள் போதாமல் போன தூக்கம். குறட்டையும் உண்டென்றால் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பரிசோதியுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இப்படி வரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓட்டும்போது அடுத்தடுத்து வந்தால் ஓரம் கட்டிச் சற்றுத் தூங்குங்கள்.