ஜாகாவும் இல்லை, சினிமா பாடிகார்டும் இல்லை

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நீங்கள் கேட்டதற்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. மீதியை இப்போது எழுதுகிறேன். இதே கவலையோடு இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும்.

"எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு ஜாகா வேலைக்குப் போறேங்கிறான் சார்" என்றீர்கள். உங்கள் மகன் உடனே, "ஜாகா இல்லம்மா, மினிஸ்டருக்கு பாடிகார்ட்" என்று திருத்தினான். ஜாகா என்றால் உங்கள் மனதில் அடுக்குமாடி வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் காவலாளி. அவன் மனதில் கறுப்புக் கண்ணாடி, கோட்டு, காதில் வயர். இரண்டுமே அந்த வேலை இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். நம் மலேசியாவில் பிரதமர், அமைச்சர்கள் போன்றவர்களின் பக்கத்தில் நிற்கும் மெய்க்காவலர்கள் போலீஸ்காரர்கள். அந்த வேலைக்கென்று வெளியிலிருந்து யாரையும் எடுப்பதில்லை. போலீசில் சேர வேண்டும், பயிற்சி முடிக்க வேண்டும், சில வருடங்கள் சாதாரண வேலை பார்க்க வேண்டும். அப்புறம் தேர்வுக்குப் போய்த் தாக்குப்பிடித்தால் அந்தப் பக்கம் திரும்பலாம். அதில் பேர்போனது யுடிகே எனப்படும் போலீஸ் சிறப்புப் பிரிவு. 1974 ஜூன் 7 அன்று கோலாலம்பூரில், நாட்டின் போலீஸ் படைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிம் காரில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் நகரங்களில் நடந்த கொலைகளில் அது ஒன்று. அதற்கு மறு வருடம் உருவானதுதான் யுடிகே. 1997இல் வாட் 69 என்ற போலீஸ் கமாண்டோ படையோடு சேர்த்து பாசுக்கான் கெராக்கான் காஸ் (சிறப்பு நடவடிக்கைப் படை) என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். பிரமுகர் பாதுகாப்பு அவர்கள் செய்யும் பல வேலைகளில் ஒன்று.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தம்பிக்கு நான் வாயால் சொல்ல மாட்டேன். அடுத்த தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்துக்கு அழைத்துப் போங்கள். யாராவது ஒரு பெரிய மனிதர் வருவார், பந்தல் பந்தலாக நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். தம்பியை அவரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு ஒன்றரை அடி பின்னால், பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாத மாதிரி ஒருவர் நிற்பார். அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பார்த்திருக்கிறேன். பந்தல்காரப் பெண்மணி ஒருவர், பாவம் வெயிலில் நிற்கிறாரே என்று நீர்மோர் டம்ளரை நீட்டினார். அந்த ஆள் சிரித்துத் தலையசைத்தார், வாங்கவில்லை. பெண்மணிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். விஷயம் வேறு ஒன்றும் இல்லை. கையில் டம்ளர் இருந்தால் அந்தக் கை வேறெதற்கும் உதவாது. அவர் கண் பெரிய மனிதர் மேல் ஒரு முறைகூடப் போகவில்லை. முன்னால் நெருங்குகிறவர்களின் முகத்தையும் அவர் அதிகம் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அர்ச்சனைத் தட்டு பிடித்த கை, கைப்பேசி பிடித்த கை, துணிப்பைக்குள் போன கை. அரை மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான், பந்தலின் பின்பக்கம் போய் இரண்டு டம்ளர் மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

வேலையின் முக்கால்வாசி அதுதான். நிற்பது, பார்ப்பது, எதுவும் நடக்காமல் வீடு திரும்புவது. அடிதடி வந்துவிட்டால் வேலை ஏற்கெனவே பாதி கெட்டுவிட்டது என்று அர்த்தம். 2022 ஜூலையில் ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டதை யோசித்துப் பாருங்கள். அவர் முதுகுப் பக்கம் சாலை திறந்து கிடந்தது. கொலையாளி அந்தப் பக்கமாகத்தான் நடந்து வந்தான். முதல் வெடி அவர்மேல் படவில்லை. இரண்டாவது வெடிக்கு முன் இரண்டு விநாடிக்குச் சற்று அதிகமாக இடைவெளி இருந்தும் யாரும் அவரைக் கீழே தள்ளிக் காப்பாற்றவில்லை. அங்கே நின்றவர்களுக்கு உடம்பில் வலு குறைவு என்று யாரும் சொல்லவில்லை. பின்பக்கத்தை யார் பார்ப்பது என்பதில்தான் கோளாறு.

அதனால் ஜிம்முக்குப் போய் கை பெருக்க வைக்கும் தம்பியிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். யுடிகே தேர்வில் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? புகார் எழுதும் கவுண்டரிலோ, ரோந்து மோட்டாரிலோ, சபா மாநிலத்தில் ஏதோ ஒரு சின்ன நிலையத்திலோ பத்து வருடம் போலீஸ்காரனாக இருக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் அவனுக்கு இந்தத் துறை சரி. முகம் சுளித்தால் அவனுக்குப் பிடித்தது போலீஸ் வேலை இல்லை, கறுப்புக் கண்ணாடிதான்.

அடுத்தது, போலீசுக்குள் போகும் வாசல். இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனிடம், எஸ்பிஏ எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திரு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரசாங்க வேலை எல்லாம் அங்கேதானே என்ற நினைப்பு. போலீசுக்குத் தனி ஆணையம் இருக்கிறது, அரசமைப்பின் 140ஆவது பிரிவே அதற்கு வழி செய்திருக்கிறது. ஆளெடுப்பு அறிவிப்பு வரும்போது மலேசியப் போலீஸ் படையான பிடிஆர்எம்மின் இணையத்தளத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். அவன் காத்திருந்த நேரத்தில் ஓர் ஆளெடுப்பு வந்தும் போய்விட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பா என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயம்தான்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மோடு போனால் கான்ஸ்டபிள். டிப்ளோமா அல்லது பட்டம் எடுத்துவிட்டுப் போனால் இன்ஸ்பெக்டர் நிலைக்கு மனுச் செய்யலாம். தம்பியின் தேர்வு முடிவைப் பார்த்தேன், மோசமில்லை. பெர்மாத்தாங் பாவோவில் இருக்கும் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் போட்டால் நஷ்டம் ஒன்றும் வராது என்பது என் எண்ணம். ஆனால் வீட்டில் பணத் தேவை இருக்கிறது, இப்போதே போகிறேன் என்றால் தடுக்க மாட்டேன். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து பகுதிநேரமாகப் படித்து மேலே போனவர்களும் உண்டு.

மலாய் எழுத்தை மட்டும் விடக்கூடாது. பேச்சு மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அது தெரியும். ஆனால் போலீஸ்காரர் எழுதும் அறிக்கை நீதிமன்றம் வரை போகும், வக்கீல் அதில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுப்பார். உயரம், அண்மைய அறிவிப்புகளில் ஆண்களுக்கு 1.63 மீட்டர், பெண்களுக்கு 1.57 மீட்டர். அதில் அவன் தேறிவிடுவான். கண் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முழங்கைக்கு மேலே பச்சை குத்தப்போகிறேன் என்று அன்றைக்கு உங்கள் காதில் விழாமல் என்னிடம் சொன்னான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவனோடு உட்காரும் கூட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். சேரும்போதே பின்னணியைப் பார்ப்பார்கள், பிரமுகர் பக்கத்தில் நிறுத்துவதற்கு முன் இன்னும் துருவிப் பார்ப்பார்கள். எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு திரியும் கும்பல்களோடு ஒரு படம் இருந்தால்கூடப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"நம்ம ஆளுங்கள எடுப்பாங்களா சார்?" என்றும் கேட்டீர்கள். படையில் இந்தியர்கள் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் மனுப் போடுவதும் குறைவு. இதே பினாங்கின் போலீஸ் தலைவராக ஏ. தெய்வீகனும், பிறகு நரேனசேகரனும் இருந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

தனியார் கம்பெனிகள் விஷயம் சுருக்கமாக. காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் விஐபி பாதுகாவலர் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். பாதுகாவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சர் பக்கத்தில் நிற்க முடியாது.

அவன் தங்கை பேச்சோடு பேச்சாக, எனக்கும் இந்த மாதிரி வேலை உண்டா என்றாளே, அவளுக்குச் சீருடை போடாத ஒரு வழியும் இருக்கிறது. அரசாங்கக் கட்டடங்கள், ரகசியக் கோப்புகள், ஊழியர்களின் பின்னணிச் சோதனை இவற்றைப் பார்ப்பதற்கென்றே பிரதமர் துறையின்கீழ் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதை நேரில் வரும்போது பேசுவோம்.

உயிருக்கு ஆபத்து என்று பயப்படுகிறீர்கள். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினந்தினம் வீட்டைப் பாதிக்கப்போவது நேரம்தான். பிரமுகர் தீபாவளி திறந்த இல்ல விருந்துக்கு ஏழு வீடு போனால் இவனும் ஏழு வீட்டு வாசலிலும் நிற்பான், உங்கள் வீட்டில் அவன் இலை காலியாகக் கிடக்கும். பெண் பார்க்கும்போது இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை அவனை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். காலை ஏழு மணிக்கு, ஓடுகிற சப்பாத்து போட்டுக்கொண்டு யூத் பார்க்குக்கு வரச் சொல்லுங்கள். 2.4 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறேன். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, வழியில் கடந்துபோனவர்களில் எத்தனை பேர் கையில் என்ன இருந்தது என்று கேட்பேன். அதை மட்டும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.