எடை குறைப்பு அறுவை சிகிச்சை: அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

வாசகர் கடிதம்: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 36. மண்ணடியில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளாக ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதினெட்டுப் பேர் உள்ள சிறிய நிறுவனம். தனியாக மனிதவளப் பிரிவு கிடையாது, எல்லாம் முதலாளிதான். என் எடை 104 கிலோ, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீடு 41. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. வயிற்றின் அளவைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். வீட்டில் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். அலுவலகத்தில் சொல்லத்தான் தயக்கம். ஏப்ரலில் பிரிவின் பொறுப்பை எனக்குத் தருவதாகப் பேச்சு இருக்கிறது. போன ஆயுத பூஜையில் பொரி கொடுக்கும்போது, "அந்தம்மாவுக்கு ரெண்டு பொட்டலமா கொடுப்பா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னது இன்னும் மனத்தில் நிற்கிறது. குடலிறக்கம் (ஹெர்னியா) என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொள் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு நடக்கப்போகும் அறுவை சிகிச்சையின் பெயரை முதலாளியிடம் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எத்தனை நாள் வரமாட்டீர்கள், திரும்பி வந்த பிறகு எந்த வேலையை எத்தனை வாரங்களுக்குச் செய்ய இயலாது என்ற இரண்டும்தான் அவருக்குத் தெரிந்தாக வேண்டியவை. ஆகவே "மருத்துவர் ஆலோசனைப்படி வயிற்றில் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறேன்" என்ற அளவில் முதலாளியிடம் மட்டும் சொல்லுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குடலிறக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பொய் விடுப்பு நாட்களுக்குத்தான் தாங்கும். அதற்குப் பின் வரும் ஓராண்டுக்குத் தாங்காது. குடலிறக்க அறுவை முடிந்தவர் சில வாரங்களில் எல்லாரையும் போலச் சாப்பிடத் தொடங்கிவிடுவார். உங்கள் நிலைமை அப்படி இருக்காது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றிவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் பருமனுள்ள குழாயாக விட்டுவைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அதற்குப் பிறகும் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது; முடித்து அரை மணி நேரமாவது கழிய வேண்டும். ஆனால் நாள் முழுவதும் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்தபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் வறண்டுவிடும்.

இதையெல்லாம் மண்ணடி அலுவலகத்தின் மதிய வேளையில் வைத்துப் பாருங்கள். டிபன் பாக்ஸ்களைத் திறந்து ஆளுக்கொரு கரண்டி பரிமாறிக்கொள்ளும் மேசையில் நீங்கள் மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் பாசிப்பருப்புக் கஞ்சியையோ ஒரு முட்டையையோ வைத்துக்கொண்டு இருபது நிமிடம் மென்றுகொண்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை பிரியாணி வரும்போதும், வாடிக்கையாளர் இனிப்புப் பெட்டி கொண்டுவரும்போதும் "போதும்" என்பீர்கள். மூன்றாவது மாதத்தில் சுடிதார் தொளதொளவென்று ஆகும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்கு முடி கொட்டுகிறது. பெரும்பாலும் அது மறுபடி வளர்ந்துவிடும் என்றாலும், பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. குடலிறக்கம் என்று கேள்விப்பட்டவர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? வேகமாக இளைத்து, முடி கொட்டி, சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அலுவலகத்தில் எழும் முதல் ஊகம் புற்றுநோயாகத்தான் இருக்கும். அந்த ஊகம்தான் உங்கள் ஏப்ரல் பொறுப்பைக் கெடுக்கும். அறுவை சிகிச்சை கெடுக்காது. ஒரு பொய்யை மூடப் பிறகு எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும், அந்த ஓராண்டும் உங்கள் உடலைக் கவனிப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.

"வயிற்றில் அறுவை சிகிச்சை" என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. "வயிற்றில் ஆபரேஷன் ஆனதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கிறது" என்ற ஒரே பதில் மூன்றாம் வாரத்துக்கும் பொருந்தும், எட்டாம் மாதத்துக்கும் பொருந்தும். பின்னால் என்றாவது முழு விவரத்தையும் சொல்லத் தோன்றினாலும் முன்பு சொன்ன எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இனி, முதலாளியிடம் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கடிதத்தில் இதை நீங்கள் எழுதவில்லை. அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் செய்துகொள்வதாக இருந்தால், நீங்கள் சொல்லாவிட்டாலும் பெயர் வெளியே வரும் வழிகள் உண்டு. பணமில்லாச் சிகிச்சைக்கு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவே நேரடியாக டி.பி.ஏ. நிறுவனத்திடம், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனத்திடம், முன் அனுமதி கேட்டுவிடும். அந்தத் தாள்கள் உங்கள் அலுவலகம் வழியாகப் போக வேண்டியதில்லை. ஆனால் சிறிய நிறுவனங்களில் பாலிசியைக் கவனிக்கும் கணக்கரும் காப்பீட்டு முகவரும் தினமும் பேசிக்கொள்கிறவர்களாக இருப்பார்கள். புதுப்பிக்கும் சமயத்தில் யாருக்கு எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் நிறுவனத்துக்கு வருவதும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் முறையில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு எல்லாத் தாள்களையும் கணக்கர் மேசையில் வைக்கச் சொல்லும் அலுவலகங்களை நான் அறிவேன். ஆகவே முதலில் காப்பீட்டு அட்டையில் உள்ள உதவி எண்ணை நீங்களே அழைத்து, கோரிக்கை யார் யார் பார்வைக்குப் போகும் என்று கேளுங்கள். கணக்கர் கைக்குப் போகும் என்று தெரிந்தால், மூன்றாம் மனிதர் மூலம் முதலாளி கேள்விப்படுவதைவிட நீங்களே பெயரோடு சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வந்த செய்தி எப்போதும் கொஞ்சம் பெரிதாகித்தான் வந்து சேரும்.

அந்த அழைப்பிலேயே பாலிசியில் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான வாசகத்தின்படி, மருத்துவர் ஆலோசனையின் பேரில் செய்யப்படும்போது, 18 வயது நிறைந்தவருக்குப் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை சேர்ந்து, வேறு வழிகளில் எடை குறையாமல் போயிருந்தால், இதை விலக்கப்பட்ட சிகிச்சையாகக் கருத மாட்டார்கள். உங்கள் 41 இதற்குள் வருகிறது. ஆனாலும் குழுப் பாலிசிகளில் தனி வரம்புகள் இருக்கலாம் என்பதால் எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலாளியிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. காப்பீட்டு நிறுவனத்திடம் மறைப்பது அப்படியல்ல. பிற்காலத்தில் தனியாக ஒரு பாலிசி எடுத்தால் விண்ணப்பத்தில் இந்த அறுவை சிகிச்சையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மருத்துவமனை பற்றி அச்சம் வேண்டாம். நோயாளியின் விவரங்களை வெளியிடக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அலுவலகத்துக்கான சான்றிதழில் "வயிற்று அறுவை சிகிச்சை" என்றும் ஓய்வு நாட்களையும் மட்டும் குறிப்பிடும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இப்படிக் கேட்பவர்கள் அவருக்குப் புதியவர்கள் அல்லர்.

விடுப்பைப் பொறுத்தவரை, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும், 12 நாள் தற்செயல் விடுப்பும், ஓராண்டுப் பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதிய விடுப்பும் உண்டு. மேசை வேலைக்கு இரண்டு, மூன்று வாரங்களில் பலர் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த நாட்கள் போதும். அதே சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கு ஈடான ஊதியமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஏப்ரல் பொறுப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மார்ச் மாதக் கடைசியில் ஏற்றுமதிக்காரர்கள் கணக்கை முடிக்க அலைமோதும்போது ஷிப்பிங் பில்களோடு (ஏற்றுமதிச் சுங்க ஆவணங்களோடு) நீங்கள் இல்லாமல் போனால் அது கண்ணில் படும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் மார்ச் நெருக்கடிக்கு முன்பே நன்றாகத் தேறி வந்துவிடும்படி தேதியை வையுங்கள். அதற்கு நாள் போதாது என்றால் ஏப்ரல் தொடக்கத்துக்குப் பிறகு வைக்கலாமா என்று கேளுங்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் சர்க்கரையும் சேர்ந்த நிலையில் மருத்துவர் தள்ளிப்போடக் கூடாது என்றால், பதவிக்காகத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முதலாளியிடம் பேசும்போது நின்றுகொண்டே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பலர் காதில் விழும்படி பேச வேண்டாம். மாலையில் கூட்டம் குறைந்ததும் ஐந்து நிமிடம் கேட்டு உட்காருங்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். அது இப்படி இருக்கலாம்: "ஐயா, மருத்துவர் ஆலோசனையின்படி எனக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பிய பின் ஆறு வாரங்களுக்குக் கனமான கோப்புக் கட்டுகளைத் தூக்கவும் சரக்குப் பெட்டக நிலையங்களுக்கு அலையவும் இயலாது. மேசை வேலைகள் அனைத்தையும் செய்வேன். என் பொறுப்பில் உள்ள கோப்புகளின் நிலவரமும், விடுப்பில் அவற்றைக் கவனிப்பவர் பெயரும் இத்துடன் உள்ளன." வாரக் கணக்கை உங்கள் மருத்துவர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பு நிலவரத் தாளை நன்றாகத் தயாரியுங்கள். பிரிவை ஒருவர் பொறுப்பேற்று நடத்துவாரா என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

"என்ன ஆபரேஷன்மா?" என்று அவர் கேட்கக்கூடும். நம் ஊரில் அதைத் தவறான எண்ணத்தோடு கேட்பதில்லை. கேட்காவிட்டால்தான் அக்கறையில்லை என்று எண்ணுவோம். "சர்க்கரைக்கும் மூச்சுத் தொந்தரவுக்கும் சேர்த்து டாக்டர் வயிற்றில் செய்யச் சொல்லியிருக்கிறார், சார், பயப்படும்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. அதற்கு மேலும் கேட்டு, சொல்லலாம் என்று உங்கள் மனத்துக்குப் பட்டால் சொல்லுங்கள். பொரிப் பொட்டலம் பற்றிப் பேசியவர் இதையும் கேலி செய்வாரோ என்ற அச்சம் புரிகிறது. அன்று அவர் பேசியது தவறு. அந்த வலியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். "வாயைக் கட்டினால் போதுமே" என்று இனி யாராவது சொன்னாலும் அதற்கு நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. உடல் பருமன் ஒரு நோய் நிலை. ஒரு மருத்துவர் உங்களைச் சோதித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

கடைசியாக, முதலாளியைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்து மேசையில் நம்பிக்கையான ஒருவரிடம், அக்கா என்று நீங்கள் அழைப்பவர் யாராவது இருந்தால் அவரிடம், முழு விவரத்தையும் சொல்லிவையுங்கள். அறுவைக்குப் பின் சர்க்கரை அளவு விரைவாகக் குறைவதால், மாத்திரை அளவு சரியாகும் வரை திடீரென்று தலைசுற்றல், வியர்வை, நடுக்கம் வரலாம். முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல், கால் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் அப்படி நேரும்போது, என்ன சிகிச்சை நடந்தது என்று தெரியாதவர்கள் வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதனால் அந்த ஒருவரின் கைபேசியில் உங்கள் மருத்துவமனையின் அவசர எண்ணும் கணவரின் எண்ணும் இருக்கட்டும். ஸ்கூட்டருக்கு மருத்துவர் அனுமதி தரும் வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே போக வேண்டாம். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு உதவி எண்ணை இந்த வாரமே அழைத்துவிடுங்கள். அந்தப் பதில் கிடைத்த பிறகு முதலாளியிடம் நேரம் கேளுங்கள்.