மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடுவோர் கேட்டவை

கேள்வி: ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால் கட்டுரைகள் வந்து குவிகின்றன. இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் சட்டென்று குறைகின்றன. எது சரி?

பதில்: குறி இல்லாமல் தட்டும்போது பப்மெட் உங்கள் சொல்லோடு நிற்பதில்லை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘மெஷ்’ சொற்பட்டியலைப் பார்த்து, மாரடைப்பின் மருத்துவப் பெயரான ‘மையோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பையும் தானே சேர்த்துக்கொள்ளும். மேற்கோள் குறி அந்தச் சேர்க்கையை நிறுத்திவிடும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் எழுதுவது இந்த இரண்டாவது பெயரைத்தான். ஆகவே உங்களுக்கு வேண்டிய கட்டுரையே விடுபட்டுப் போகும். முதல் தேடலைக் குறி இல்லாமலே செய்யுங்கள். ஒரே தொடக்கமுள்ள எல்லாச் சொற்களையும் பிடிக்க, சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக் குறி (*) போட்டாலும் இதே கதிதான். போட்டே ஆகவேண்டுமென்றால் குறிக்கு முன் குறைந்தது 4 ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும்.

தேடி முடித்ததும் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்துக்குப் போய், ஹிஸ்டரி அட்டவணையில் ‘டீடெய்ல்ஸ்’ அம்புக்குறியை விரியுங்கள். நீங்கள் தட்டியதைப் பப்மெட் எப்படி எடுத்துக்கொண்டது என்பது முழு வரியாக அங்கே கிடக்கும். அதைப் படிக்காமல் எந்த எண்ணிக்கையையும் நம்பாதீர்கள்.

கேள்வி: குழந்தைகளின் ஆஸ்துமா பற்றித் தேடினேன். ஆஸ்துமாவே இல்லாத கைக்குழந்தைக் கட்டுரைகள் ஏன் வருகின்றன?

பதில்: ‘ஆஸ்துமா ஆண்ட் சில்ட்ரன் ஆர் இன்ஃபன்ட்ஸ்’ என்று வரிசையாகப் போட்டிருப்பீர்கள். பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும்: ஆஸ்துமா உள்ள சிறுவர்கள், கூடவே உலகத்துக் கைக்குழந்தைகள் எல்லாரும்! ‘சில்ட்ரன் ஆர் இன்ஃபன்ட்ஸ்’ என்பதை அடைப்புக்குறிக்குள் வையுங்கள், சரியாகிவிடும். ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் கேப்பிட்டல் எழுத்தில் தட்டுவது நல்லது.

கேள்வி: வயது ஃபில்டர் போட்டதும், எனக்குத் தெரிந்த நல்ல கட்டுரை ஒன்று காணாமல் போய்விட்டது.

பதில்: வயது, பாலினம், மனிதர்–விலங்கு ஃபில்டர்கள், கட்டுரைகளுக்கு இடப்படும் மெஷ் தலைப்புக் குறியீட்டை நம்பியவை. பப்மெட்டில் இருப்பதெல்லாம் மெட்லைன் (மெஷ் குறியீடு இடப்படும் தொகுப்பு) அல்ல. பிஎம்சி (முழுக் கட்டுரைகளின் இலவசக் காப்பகம்) வழியாக மட்டும் உள்ளே வந்த இதழ்களின் கட்டுரைகளுக்கு மெஷ் குறியீடு கிடையாது. டிக் போட்ட நொடியில் அவை உதிர்ந்துவிடும். முழுமையான தேடல் வேண்டுமென்றால் ஃபில்டரைத் தொடாமல், ‘சைல்ட்’, ‘பீடியாட்ரிக்’ போன்ற சொற்களைத் தேடல் வரியிலேயே சேருங்கள். போட்ட டிக் அடுத்த தேடலுக்கும் ஒட்டிக்கொண்டே வரும். ‘கிளியர் ஆல்’ அழுத்த மறக்காதீர்கள்.

கேள்வி: முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்கள்.

பதில்: வலப்பக்கம் மேலே பிஎம்சி பொத்தான் இருந்தால் முழுவதும் இலவசம். இல்லையென்றால் ஆசிரியர் விவரத்தை விரித்துப் பாருங்கள். பல கட்டுரைகளில் மின்னஞ்சல் இருக்கும். பிரதி கேட்டு இரண்டு வரி எழுதுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டுக்காக நேற்றுத் தேடியது இன்று ஹிஸ்டரியில் இல்லையே?

பதில்: 8 மணி நேரம் தொடாமல் விட்டால் அது அழிந்துவிடும். ‘மை என்சிபிஐ’ என்ற பப்மெட் பயனர் கணக்கில் நுழைந்து ‘கிரியேட் அலர்ட்’ மூலம் தேடலைச் சேமியுங்கள். தேடல் வரி, தேதி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். புதுக் கட்டுரைகள் நாள்தோறும் சேர்வதால், அதே எண்ணிக்கை பிறகு திரும்பக் கிடைக்காது.